ஆள் தங்காத இடம்

மலநாற்றம் எனக்கு அருவருப்பில்லை. இரண்டு கோடைகாலம் ஜெர்மன்காரரின் கழிவுப் பெட்டிகளை நான் குழியில் கவிழ்த்திருக்கிறேன். காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகிற கரவன் என்ற வீட்டு வண்டிக்குள் கதிரை மாதிரி ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் நீல மருந்து. நிரம்பியதும் கழற்றிக் கொண்டுவந்து ஊற்றவேண்டியது அவரவர் வேலை. ஆனால் பாதிப் பேர் குழியடியில் வைத்துவிட்டு, பூச்சாடியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் போலப் போய்விடுவார்கள். நான்தான் ஊற்றிக் கழுவுவேன். முதல் கிழமை சோறு இறங்கவில்லை. இரண்டாம் கிழமை பழகிவிட்டது.

எனக்கு அருவருப்பு வேறு. நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுக் கடதாசி புரட்டுகிற மனிதர்களைக் கண்டால் இன்றைக்கும் குமட்டும். வங்கியில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்து வரிசைக்கு மாறிவிடுவேன். அப்படி ஒருவர்தான் எங்களை அந்த இடத்திலிருந்து கிளப்பினார். அவர் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். நானும் சேர்ந்துதான்.

எண்பத்து நாலில் ஜெர்மனிக்கு வந்தேன். வேலை செய்யக்கூடாது, கொடுத்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது, ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் போட்ட இடத்தில் கிடக்கவேண்டும். இரண்டு வருடம் கிடந்தேன். பிறகு மனைவியும் வந்து சேர்ந்தாள். எங்கள் அறையில் இன்னொரு குடும்பம். நடுவில் இரும்பு அலுமாரி இரண்டைத் திருப்பி வைத்துச் சுவர் என்று சொல்லிக்கொண்டோம். அந்தப் பக்கத்து மனிதர் காறுவது எனக்குக் கேட்கும், நாங்கள் சண்டை பிடிப்பது அவருக்குக் கேட்கும். நாற்பது பேருக்கு ஒரு குசினி. யாரோ கழுவாமல் விட்ட சட்டியில் பூசணம் பூத்திருக்கும். மனைவி குசினிக்குப் போகும்போது மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போவாள், அழுதுகொண்டு திரும்புவாள்.

வேலை அனுமதி கிடைக்கக்கூடிய காலம் வந்ததும் தொழில் அலுவலகத்தில் ஒரு கடதாசி தந்தார்கள். கரவன் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று. வண்டியை நிறுத்தி விடுமுறை கழிக்க அவர்களுக்கு நாடெங்கும் தங்குமிடங்கள் இருந்தன. அதில் ஒன்று எங்கள் மாவட்டத்தில், லிப்பே ஆற்றோரம், ஹம் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். கழிவறை கழுவ, புல் வெட்ட ஆள் தேவை. ஜெர்மன்காரர் ஒருவரும் வரவில்லை என்பதால் எனக்குக் கிடைத்தது. அனுமதிப் பத்திரத்தில் அந்த இடத்தின் பெயரையே போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யலாம். அந்த இடம் இல்லையென்றால் அனுமதியும் இல்லை.

வேலையோடு ஒரு அறையும் வந்தது. குளியலறைக் கட்டடத்துக்கு மேலே, சரிந்த கூரையோடு, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை. கீழே ஆட்கள் குளித்தால் மேலே சுவர் வேர்க்கும். மனைவி அந்த அறைக்குள் நுழைந்து கதவைப் பூட்டினாள், திறந்தாள், திரும்பவும் பூட்டினாள். "இது எங்கட திறப்போ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த வருடம் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு நகை வேண்டாம், சீலை வேண்டாம். பிள்ளையை அந்த ஹைமுக்கு மட்டும் கொண்டுபோகமாட்டன். அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசினேன்.

அந்த இடத்துக்குப் பொறுப்பாக ஒரு ஜெர்மன் மனுசி இருந்தாள். அறுபது வயது இருக்கும். ரப்பர் சப்பாத்து, ஆண்களின் கம்பளிச் சட்டை, வாயில் எப்போதும் அணைந்துபோன சிகரெட். ஆறு மணிக்குச் சைக்கிளில் ஊருக்குள் இருக்கிற தன் வீட்டுக்குப் போவாள், காலை ஏழுக்குத் திரும்பி வருவாள். இடைப்பட்ட நேரம் இடம் என் பொறுப்பு. ஆட்கள் பிந்தி வந்தால் பதிவுத் துண்டு எழுதவேண்டியதும் நான்தான். தங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு, அதில் பெயர், விலாசம், பாஸ்போர்ட் இலக்கம். துண்டைக் காவல்துறை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

உண்மையைச் சொன்னால் ஜெர்மன்காரர் அதிகம் வரவில்லை. ஆற்றங்கரையில் நுளம்பு, பக்கத்தில் சுரங்கக் கரிப்புகை, கடைக்குப் போக மூன்று கிலோமீற்றர். நிரந்தரமாக வண்டி நிறுத்தியிருந்த ஓய்வூதியக்காரர் நாலைந்து பேர், அவ்வளவுதான். சங்கத்தின் சொந்தக் கரவன்கள் ஆறு, வாடகைக்கு என்று பின்பக்க வேலியோரம் நின்றன. சக்கரத்தில் காற்று இல்லை, யன்னல் திரையில் பூசணம். யாரும் கேட்டு வருவதில்லை.

கேட்டு வந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

முதலில் வந்தது ஹம்மில் இருந்த ஒரு பெடியன். கலியாணம் முடித்து நாலு மாதம். புருஷன் பெண்சாதி இருவரும் ஹைமில் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறை. என்னைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் மரத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"அண்ணை, கேக்க வெக்கமாய்க் கிடக்கு. அந்த வண்டியில ஒண்டின்ர திறப்பு ஒரு நாளைக்குத் தருவியளோ? நாங்கள் ரெண்டுபேரும் கலியாணம் கட்டினாப்பிறகு கதவு பூட்டிக் கதைச்சதே இல்லை."

திறப்பைக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு சோடி வந்தார்கள். கோடை நடுவில் ஆறு கரவனும் நிறைந்துவிட்டன. பிள்ளைக்காரரும் வந்தார்கள். பகலில் நண்டுக்கறி காய்ச்சினார்கள், கிரிக்கெட் அடித்தார்கள், யாரும் கதவைத் தட்டி 'சத்தம்' என்று கத்தவில்லை. பதிலுக்கு வேலி வெட்டினார்கள், கரவன்களுக்கு வர்ணம் பூசினார்கள், பூசணத் திரையைத் தோய்த்துப் போட்டார்கள். மனுசி திங்கட்கிழமை வந்து வெட்டின வேலியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். "விருந்தாளிகளா?" என்பாள். விருந்தாளிகள்தான் என்பேன். பகல் விருந்தாளிக்குத் துண்டு தேவையில்லை. அவள் அதற்கு மேல் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒருவருக்கும் நான் துண்டு எழுதவில்லை. எப்படி எழுதுவது? ஹம் வேறு மாவட்டம். அங்கே பதிந்த அகதி இங்கே ஒரு இரவு படுத்தான் என்று என் கையெழுத்தில் இருந்தால் அவனுக்கு முதலில் தண்டம், பிறகு வழக்கு, வழக்கு என்று வந்தால் அகதி மனுவுக்கே ஆபத்து. ஆகவே இரண்டு கோடைகாலம் அந்த இடம் சனத்தால் நிறைந்து கிடந்தது, பதிவுப் பெட்டி அநேகமாய் வெறுமையாய்க் கிடந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். சங்கத்தின் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மனுசி அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டாள். ஆட்கள் போதிய அளவு தங்காத இடங்களைச் சங்கம் மூடப்போகிறது. எந்தெந்த இடம் என்று முடிவெடுக்க ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், பதிவுத் துண்டுகளை எண்ணுவார். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

"துண்டு வேண்டும்" என்றாள் மனுசி. "அவர்களுக்குக் கடதாசிதான் ஆள்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆஹென் நகரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவனைப் பொங்கல் விழா ஒன்றில் சந்தித்திருந்தேன். அவனிடமும் அவன் கூட்டாளிகளிடமும் மாணவர் விசா இருந்தது. நாடு முழுக்கப் போகலாம், எங்கும் படுக்கலாம், எங்கும் கையெழுத்து வைக்கலாம். தொலைபேசிக் கூண்டிலிருந்து அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"டோன்ட் வொரி அண்ணா, ரெண்டு வீக்கெண்ட் ஃபுல்லா நாங்க வந்து தங்கறோம். பத்துப் பன்னெண்டு பேர் இருக்கோம். அக்கா கையால சாப்பாடு மட்டும் போட்டாப் போதும்" என்றான்.

முதல் சனிக்கிழமை மனைவி பெரிய சட்டியில் புட்டு அவித்து, குழம்பு வைத்து, ஐந்து மாத வயிற்றோடு பஸ் தரிப்பில் போய் நின்றாள். ஒரு பஸ் வந்தது. அடுத்த பஸ் வந்தது. மாலையில் நான் கூப்பிட்டபோது, "அண்ணா, சாரி, லேப்ல சப்மிஷன் வந்துருச்சு, நெக்ஸ்ட் வீக் கண்டிப்பா" என்றான். பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டது. அடுத்த கிழமை தொலைபேசியையே எடுக்கவில்லை. அந்தப் புட்டை நாங்கள் மூன்று நாள் தின்றோம். அவன் இப்போது எங்கோ பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான் என்று கேள்வி. இருக்கட்டும். பசித்தவனுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றுவது ஒரு கேவலமான காரியம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு நான் செய்ததுதான் மகா கேவலம்.

சங்கத்து ஆள் வருகிற சனிக்கிழமைக்கு முன்பு ஹம்முக்கு ஆள் அனுப்பினேன். துண்டில்லாமல் ஒருவர் அகப்பட்டாலும் வழக்குத்தான், ஆகவே இந்தக் கிழமை ஒரு குருவியும் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஊரில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? முற்றம் கூட்டுவோம், சத்தம் போடுகிற பெடியளை அன்றைக்கு வரவேண்டாம் என்போம், இருக்கிற நாலு பேருக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி உட்காரவைப்போம். வெறும் வகுப்பைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் ஒழுங்கான பள்ளிக்கூடம் என்று எழுதிவிட்டுப் போவார். அந்தப் புத்திதான் எனக்கு. நானும் மனைவியும் மூன்று நாள் நின்று துடைத்தோம். உடுப்புக் கொடி கழற்றினேன். கிரிக்கெட் அடித்த பலகையை ஒளித்தேன். அடுப்புக்கல்லை ஆற்றில் போட்டேன். கரவன்களுக்குள் ஒரு தலைமயிர்கூடக் கிடக்காமல் மனைவி குனிந்து குனிந்து பொறுக்கினாள். கழிவுக் குழியைக் கூடத் தேய்த்துக் கழுவினேன்.

வந்தார். மண்ணிறச் சப்பாத்து, மண்ணிறப் பை. கதிரையைக் கொடுத்தால் கைலேஞ்சியை விரித்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மனைவி மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து வைத்தாள். மணந்து பார்த்தார். ஒன்றைத் தின்றார். பிறகு இரண்டு. பிறகு, "இது என்ன, இதற்குள் என்ன?" என்று கேட்டுக்கொண்டே நாலாவது. எண்ணெய் வடிந்த விரலை நக்கினார், நக்கிய விரலால் பதிவுத் துண்டுகளைப் புரட்டினார், திரும்பவும் நக்கினார். துண்டுகள் கொஞ்சம்தான், எல்லாம் அந்த ஓய்வூதியக்காரருடையவை. மீன் எண்ணெய் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ஊறியது. என் மனைவி பொரித்த எண்ணெயால் எங்களை எண்ணித் தள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு சுற்றிப் பார்க்கப் போனோம். மனுசி முன்னால், அவர் நடுவில், நான் பின்னால்.

"மிகச் சுத்தம்" என்றார். "ஆட்கள் தங்குகிற இடம் இவ்வளவு சுத்தமாக இருக்காது."

வேலியோரம் வந்ததும் நின்றார். குளியலறையிலிருந்து அந்த ஆறு கரவனுக்கும் புல்லில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. இரண்டு கோடைகாலம் நடந்து நடந்து புல் செத்து மண் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒளித்த எனக்கு அதை ஒளிக்கத் தோன்றவில்லை. சப்பாத்து நுனியால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். மனுசியைக் கேட்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"பதிவில்லாமல் இங்கே யாராவது தங்குகிறார்களா?"

மனுசி என்னைப் பார்த்தாள். வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தாள். குளியலறைப் படியில் மனைவி வெறும் தட்டோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நைன்" என்றேன். இல்லை. கேட்டுமுடிய முன்னமே சொல்லிவிட்டேன்.

அவர் பையைத் திறந்து ஏதோ எழுதினார். போகும்போது, மிச்ச ரோல்ஸைக் கடதாசியில் சுற்றித் தரமுடியுமா என்று கேட்டார். மனைவி சுற்றிக் கொடுத்தாள்.

மூடுகிறோம் என்ற கடிதம் ஒரு மாதத்துக்குள் வந்தது. 'பயன்பாடு இன்மை' என்று காரணம் எழுதியிருந்தது. மனுசி மறுப்பு ஒன்றும் எழுதவில்லை. கடைசி நாள் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குக் கண் தெரியும். எத்தனை பேர் படுத்தார்கள் என்று உனக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த மனிதன் பெயர் கேட்கவில்லை. ஆள் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டான். நீ ஆம் என்று சொல்லியிருந்தால், என் விருந்தாளிகள், நான்தான் சோம்பலில் துண்டு எழுதவில்லை என்று நான் சொல்லியிருப்பேன். என்னை என்ன செய்திருப்பார்கள்? ஏசியிருப்பார்கள். ஆனால் அவர்கள் உன் ஆட்கள். முதல் வார்த்தை உன்னுடையதாக இருக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்."

அவள் சைக்கிளில் ஏறிப் போனாள். அவளை அதன் பிறகு காணவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. முதலே சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஆனால் அந்தக் கோபத்தை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அதற்கு அடியில் நான்தான் நின்றேன்.

அறை போனது, வேலை போனது, அனுமதிப் பத்திரம் செல்லாமல் போனது. ஹம் ஆட்கள் மனு ஒன்றில் கையெழுத்து வைக்க வருவார்கள், ஆறுதல் சொல்லவாவது வருவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கலியாணம் முடித்த அந்தப் பெடியனைக் கடைத்தெருவில் கண்டபோது, "இனி எங்கையண்ணை போறது?" என்று தன் பாட்டைத்தான் என்னிடம் கேட்டான்.

மனைவி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பழைய ஹைமுக்குத் திரும்பினோம். அதே இரும்பு அலுமாரிச் சுவர், அதே குசினி. மகள் அங்கேதான் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்று மனைவி வாசலிலேயே நின்றாள். நான் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோன பிறகுதான் வந்தாள்.

எண்பத்து ஒன்பதில் கிழக்கிலிருந்து ஜெர்மன் வம்சத்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். விடுதிகள் போதவில்லை. எங்கள் ஹைமை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு எங்களை வேறிடம் மாற்றுவதாக ஒரு கடதாசி வந்தது. பஸ்ஸில் ஏற்றினார்கள். அரை வழியிலேயே மனைவிக்கு விளங்கிவிட்டது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு யன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மூடிய தங்குமிடத்தை நகரசபை சங்கத்திடமிருந்து வாடகைக்கு எடுத்திருந்தது. வாசலில் காவலாளி. குளியலறைக்கு மேலே இருந்த எங்கள் அறை அவருடைய அலுவலகம். எங்களுக்கு வேலியோரக் கரவனில் பாதி. மறுபாதியில் இன்னொரு குடும்பம், நடுவில் நாங்கள் முன்பு தோய்த்துப் போட்ட அதே திரை. வண்டிக்குள் சமைக்கத் தடை. ஒவ்வொரு நாளும் காவலாளியிடம் போய் இருக்கிறோம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். மகளுக்கு நான் வைத்தேன். புல்லில் அந்த ஒற்றையடிப் பாதை அப்படியே இருந்தது.

பனிக்காலம் தொடங்குகையில் சங்கத்து ஆள் தன் சொத்தைப் பார்வையிட வந்தார். அதே மண்ணிறச் சப்பாத்து. காவலாளியின் பதிவேட்டை வாங்கி, விரலை நக்கி, தாள் தாளாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது. எங்கள் கரவனடிக்கு வந்தவர் மனைவியைக் கண்டு அடையாளம் பிடித்துவிட்டார்.

"ஓ, அந்த மீன் பலகாரம்! இப்போதும் செய்கிறீர்களா?"

மனைவி பிள்ளையைத் தோளில் போட்டபடி என் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்கோ. இஞ்சை எப்பவும் ஆக்கள் இருந்தவை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். இரண்டு கோடைகாலம் இந்த ஆறு வண்டியும் நிறைந்திருந்தன என்றேன். நீங்கள் வந்த அன்று மட்டும்தான் ஆளில்லை, நான்தான் வரவேண்டாம் என்றேன் என்றேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"நான் உங்களிடம் கேட்டேனே" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே நியாயமான வார்த்தை அது. மனைவி கரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு இப்போது பூட்டு இல்லை.